சிக்னலிங் டோன் எவ்வளவு சுத்தம்? டூ-வே ரேடியோவில் அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வாக்கி-டாக்கியில் பேசுபவரின் குரலுக்குப் பின்னால் ஒரு முனகல் விடாமல் கேட்கிறது. பவர் சப்ளையை மாற்றியாயிற்று, மைக்கை மாற்றியாயிற்று, கிரவுண்ட் வயரையும் பார்த்தாயிற்று. முனகல் போகவில்லை. கடைசியில் யாரோ சிடிசிஎஸ்எஸ் டோனை (தன் குழுவின் அழைப்புக்கு மட்டும் ரிசீவர் திறக்க, குரலுக்கு அடியில் தொடர்ந்து அனுப்பும் தாழ்ந்த டோன்) அணைத்துப் பார்க்கிறார்கள், சட்டென்று அமைதி. சர்வீஸ் பெஞ்சில் சில வருடம் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய கதை. எனக்கு முதல் தடவை நடந்தபோது பவர் சப்ளையிலேயே இரண்டு நாள் வீணாகப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டோன் காதில் விழவே கூடாத ஒன்று. சிடிசிஎஸ்எஸ் டோன்கள் 67.0 ஹெர்ட்ஸில் தொடங்கி 254.1 ஹெர்ட்ஸில் முடிகின்றன. ரிசீவரின் ஆடியோ பாதையில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் இருக்கிறது. ஆகவே காதில் விழுவது டோன் அல்ல, டோனின் ஹார்மோனிக்குகள், அதாவது அதன் அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகளில் வரும் அலைகள். 100 ஹெர்ட்ஸ் டோனின் அலை கோணலாக இருந்தால் அதன் ஹார்மோனிக்குகள் 300, 400, 500 ஹெர்ட்ஸிலும் வந்து விழும். ஃபில்டருக்கு அவையும் குரலும் ஒன்றுதான், உள்ளே விட்டுவிடும்.

எனவே மீட்டரில் ஒரு சதவீதத்தைப் படித்து எழுதிக்கொண்டால் தூய்மையை அளந்ததாக ஆகிவிடாது. எந்த ஹார்மோனிக், எவ்வளவு, எங்கே பிறந்தது என்ற மூன்றும் தெரிய வேண்டும். 67.0 ஹெர்ட்ஸ் டோனில் 2 சதவீதச் சிதைவு, அதுவும் முழுக்க இரண்டாம் ஹார்மோனிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 134 ஹெர்ட்ஸில், ஃபில்டருக்குக் கீழேயே அடங்கிவிடும், யாருக்கும் தெரியாது. 203.5 ஹெர்ட்ஸ் டோனில் அதே 2 சதவீதம் 407 ஹெர்ட்ஸில் வந்து குரலோடு குரலாக நிற்கும். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

ஒரு ஃபில்டர் போட்டால் தீராதா?

டோன் பிறக்கும் இடத்திலேயே ஒரு லோபாஸ் ஃபில்டர் போட்டுவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. 67-க்கும் 254-க்கும் இடையே கிட்டத்தட்ட 3.8 மடங்கு இடைவெளி. 254.1 குறையாமல் போக வேண்டுமென்றால் ஃபில்டர் அதற்கு மேலேதான் வெட்ட முடியும். அப்போது 67.0-இன் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகளான 134-உம் 201-உம் தாராளமாக வெளியே போய்விடும். தாழ்ந்த டோன்கள் பிறக்கும்போதே சுத்தமாகப் பிறக்க வேண்டும். பின்னால் கழுவ முடியாது. இல்லையென்றால் டோனுக்கு ஏற்ப நகரும் ஃபில்டர் வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலர் படிக்கட்டு மாதிரி செய்து தரும் சைன் அலையில் நிலைமை வேறு. ஒரு சுற்றுக்கு 8 படி என்றால் முதலில் தலைகாட்டும் ஹார்மோனிக்குகள் 7-வதும் 9-வதும்தான்; அளவு முறையே சுமார் 14, 11 சதவீதம். 100 ஹெர்ட்ஸுக்கு அவை 700, 900 ஹெர்ட்ஸ். தூரத்தில் இருப்பதால் லோபாஸ் ஃபில்டர் பிடித்துவிடும். ஆனால் அந்த ஃபில்டரில் ஒரு கண்டென்சர் வற்றிப்போனால் ரீங்காரம் நேரே குரலின் நடுவில் உட்காரும். பழைய ரேடியோக்களில் டோனை அதிரும் உலோக நாக்குகள்தான் கொடுத்தன. இயந்திர ஒத்ததிர்வு என்பதால் அவை இயல்பாகவே சுத்தமாக இருந்தன; தட்டினால் கொஞ்சம் உளறும், அவ்வளவுதான்.

மூன்று எண்கள், ஒரு குழப்பம்

டிஎச்டி (மொத்த ஹார்மோனிக் சிதைவு) என்பது ஹார்மோனிக்குகளை மட்டும் கூட்டி அடிப்படை அலையோடு ஒப்பிடுவது. நாட்ச் ஃபில்டர் போட்டு அடிப்படை அலையை நீக்கிவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அளக்கும் மீட்டர் தருவதோ சிதைவும் இரைச்சலும் ஹம்மும் சேர்ந்த கூட்டு எண். சைனாட் என்பதும் அதே கூட்டுதான், தலைகீழாக டெசிபெலில். 20 டெசிபெல் என்றால் 10 சதவீதம், 26 என்றால் 5, 34 என்றால் 2, 40 என்றால் 1 சதவீதம். பலவீனமான சிக்னலில் நாட்ச் மீட்டர் 6 சதவீதம் காட்டினால் டோன் கெட்டது என்று அர்த்தமில்லை. அதில் பெரும்பகுதி வெறும் இரைச்சலாக இருக்கலாம். இதனால்தான் நான் ஸ்பெக்ட்ரத்தைப் பார்ப்பதை விரும்புகிறேன். ஒவ்வொரு கோடும் தன் பெயரைச் சொல்லிவிடும்.

பல சர்வீஸ் மானிட்டர்களில் இருக்கும் சிதைவு மீட்டர் 1000 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வெட்டும் நிலையான நாட்ச் கொண்டது. அதில் 107.2 ஹெர்ட்ஸ் டோனை அளக்க முடியாது. காட்டுகிற எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. எச்பி 8903 மாதிரி 20 ஹெர்ட்ஸிலிருந்து நகரும் நாட்ச் உள்ள அனலைசர் கைவசம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லேப்டாப்பின் சவுண்ட் கார்டும் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரு எஃப்எஃப்டி மென்பொருளும் இந்த வேலைக்குத் தாராளம்.

தேவையானவை

டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை உறிஞ்சுவது), அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது), டீமாடுலேட்டராக (ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிப்பது) ஏதாவது ஒன்று, சவுண்ட் கார்டு உள்ள கணினி. டீமாடுலேட்டருக்கு மூன்று வழிகள். முதலாவது, எஃப்எம் டீமாடுலேட்டட் அவுட்புட் உள்ள சர்வீஸ் மானிட்டர் அல்லது மாடுலேஷன் அனலைசர். இரண்டாவது, டிஸ்கிரிமினேட்டர் அவுட்புட் (ஆடியோ ஃபில்டர்களுக்கு முன்பே எடுத்த ஒலி) கிடைக்கும் ஒரு ரிசீவர். மொபைல் ரேடியோக்களின் 6 பின் டேட்டா சாக்கெட்டில் 9600 வேகத்துக்கான பின் இதைத்தான் தருகிறது. மூன்றாவது, ஆர்டிஎல்-எஸ்டிஆர் மாதிரி ஒரு மலிவான எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ ரிசீவர்). மென்பொருளில் நடக்கும் எஃப்எம் டீமாடுலேஷன் நேர்கோடாக இருக்கும் என்பதால், இந்தக் குறிப்பிட்ட வேலையில் அது விலையுயர்ந்த சில கருவிகளுக்குச் சளைத்ததல்ல.

ஸ்பீக்கர் அவுட்புட் மட்டும் வேண்டாம். அங்கே 300 ஹெர்ட்ஸ் ஃபில்டர் அடிப்படை அலையையே வெட்டிவிட்டிருக்கும்.

படி 1: அளக்கும் சங்கிலியை முதலில் அளங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், ஏமாறுபவர்களும் அவர்களே. சவுண்ட் கார்டின் அவுட்புட்டை அதன் லைன் இன்புட்டில் நேரடியாகக் கொடுத்து 100 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சைன் அலையை அனுப்புங்கள். ஹார்மோனிக்குகள் அடிப்படை அலையைவிட 60 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மைக் இன்புட்டைத் தொட வேண்டாம். அதில் பயாஸ் வோல்டேஜும் கூடுதல் பெருக்கமும் இருக்கும், சுலபமாகக் கிளிப் ஆகும். விண்டோஸில் 'ஒலி மேம்பாடு' போன்ற வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து, சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து சுத்தமான டோனால் எஃப்எம் செய்யப்பட்ட அலையை டீமாடுலேட்டருக்குக் கொடுத்து முழுச் சங்கிலியின் அடித்தளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் ஏன் முக்கியம்? கருவியின் சொந்தச் சிதைவு 0.5 சதவீதம், நீங்கள் அளந்தது 2 சதவீதம் என்றால் உண்மை 1.5-க்கும் 2.5-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். ஹார்மோனிக்குகள் ஒன்றோடொன்று சேரவும் செய்யும், ஒன்றையொன்று தின்னவும் செய்யும்.

ஹம் தொல்லை வந்தால் பலரும் ஒரு சின்ன ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் செருகுவார்கள். இங்கே அது பொறி. சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 67 ஹெர்ட்ஸில் எளிதில் நிறைவடைந்து தானே மூன்றாம் ஹார்மோனிக்கை உண்டாக்கும். பிறகு ரேடியோவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி ஹம் அப்போதே போய்விடும்.

படி 2: ஆர்எஃப் (ரேடியோ அலை) பக்கம்

ஆன்டெனாவில் டிரான்ஸ்மிட் செய்து அளக்க வேண்டாம். சேனலில் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பது ஒரு பக்கம். எதிரொலித்து வரும் அலைகள் அளவீட்டையும் கெடுக்கும். 5 வாட் என்பது 37 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). 10 வாட் தாங்கும் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டால் 7 டிபிஎம் மிஞ்சும். எஸ்டிஆருக்கு அதுவும் மிக அதிகம். இன்னொரு 40 டெசிபெல் சேர்த்து மைனஸ் 33 டிபிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். வாக்கி-டாக்கியை டம்மி லோடில் போட்டு, பக்கத்தில் ஒரு சிறு கம்பியை வைத்துக் கசிவைப் பிடிப்பதும் நடைமுறையில் போதுமானது.

எஸ்டிஆரின் தானியங்கி கெயினை அணைத்து, கையால் நடுத்தரமாக வையுங்கள். ஃபில்டர் அகலம் 12 முதல் 15 கிலோஹெர்ட்ஸ். டியூனிங் மையத்தில் இருக்கட்டும். சாதாரண ரிசீவரின் குவாட்ரச்சர் டிடெக்டரில் டியூனிங் விலகினால் இல்லாத இரண்டாம் ஹார்மோனிக் முளைக்கும்.

படி 3: டீ-எம்ஃபசிஸை அணையுங்கள்

டீ-எம்ஃபசிஸ் என்பது ரிசீவர் உயர்ந்த அதிர்வெண்களை வேண்டுமென்றே குறைப்பது. நில மொபைல் ரேடியோவில் வழக்கமான டீ-எம்ஃபசிஸ் 750 மைக்ரோவினாடி. அதன் மூலை 212 ஹெர்ட்ஸில் விழுகிறது. அது இருந்தால் 100 ஹெர்ட்ஸ் டோன் 0.9 டெசிபெல் குறையும், அதன் மூன்றாம் ஹார்மோனிக் 4.8 டெசிபெல் குறையும். அதாவது ஹார்மோனிக்கில் கிட்டத்தட்ட 4 டெசிபெல் உங்களிடமிருந்து மறைக்கப்படும். மென்பொருளிலும் மானிட்டரிலும் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அணைத்துவிடுங்கள். ஹைபாஸ் ஃபில்டர்களையும் அப்படியே. டிடிஎம்எஃப் டோன்களுக்கு (தொலைபேசிப் பொத்தான்களின் ஜோடி டோன்கள்) மட்டும் வேறு விதி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 4: டீவியேஷனுக்கு ஒரு அளவுகோல்

டீவியேஷன் என்பது ஒலி கேரியரின் அதிர்வெண்ணை எவ்வளவு நகர்த்துகிறது என்ற அளவு. டோனின் டீவியேஷன் சரியில்லாமல் தூய்மையை அளப்பதில் பயனில்லை. டோனை அதிகம் ஏற்றினால் மாடுலேட்டர் வளையும். குறைத்தால் இரைச்சல் விழுங்கும். 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் டோனுக்கு 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை, 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை டீவியேஷன் வழக்கம்.

டீவியேஷன் மீட்டர் இல்லையா? பெசல் முறை இருக்கிறது. மாடுலேஷன் இன்டெக்ஸ் (டீவியேஷனை டோனின் அதிர்வெண்ணால் வகுத்தது) 2.405 ஆகும்போது கேரியர் முழுவதும் மறைந்துவிடும். சிக்னல் ஜெனரேட்டரில் 1000 ஹெர்ட்ஸ் டோனைக் கொடுத்து, டீவியேஷனைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே ஸ்பெக்ட்ரத்தில் நடுக்கோட்டைப் பாருங்கள். முதல் தடவையாக அது மூழ்கும் இடம் 2405 ஹெர்ட்ஸ் டீவியேஷன். அந்த நிலையில் ஆடியோ எஃப்எஃப்டியில் 1000 ஹெர்ட்ஸ் கோட்டின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி 750 ஹெர்ட்ஸ் டீவியேஷன் உள்ள எந்த டோனும் அதைவிட 10.1 டெசிபெல் கீழே நிற்கும். 350 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 கீழே. ஒருமுறை செய்து வைத்தால், கெயினைத் தொடாதவரை நாள் முழுக்கப் பயன்படும்.

படி 5: அதிர்வெண்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாதாரண கவுண்டரில் 1 வினாடி எண்ணினால் 1 ஹெர்ட்ஸ் பிசகும். 67.0-க்கும் 69.3-க்கும் இடையே இருப்பதே 2.3 ஹெர்ட்ஸ்தான் என்னும்போது அது உதவாது. சுற்று நேரத்தை அளக்கும் கவுண்டர் வேண்டும், அல்லது நீண்ட எஃப்எஃப்டி. விநாடிக்கு 8000 மாதிரி, 65536 புள்ளி என்று வைத்தால் 8 வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஒரு பெட்டிக்கு (எஃப்எஃப்டியின் ஒரு அதிர்வெண் கட்டத்துக்கு) 0.12 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். சவுண்ட் கார்டின் கிரிஸ்டல் பிழை இந்த அதிர்வெண்களில் பொருட்படுத்தத் தக்கதல்ல.

படி 6: ஸ்பெக்ட்ரத்தைப் படிப்பது

விண்டோ (எஃப்எஃப்டிக்கு எடுக்கும் துண்டின் ஓரங்களை மழுக்கும் வடிவம்) தேர்வில் கொஞ்சம் கவனம். ஹான் விண்டோவில் கோடு இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தால் 1.4 டெசிபெல் வரை குறைத்துக் காட்டும். உயரத்தை அளக்க ஃபிளாட்-டாப் விண்டோவே சரி. அருகருகே உள்ள கோடுகளைப் பிரித்துப் பார்க்க பிளாக்மன்-ஹாரிஸ். ஸ்பெக்ட்ரம் லேப், ஆர்இடபிள்யூ போன்ற மென்பொருள்களில் இவை எல்லாமே உண்டு.

இன்புட் உச்சம் முழு அளவுக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே இருக்கட்டும். எப்போது சந்தேகம் வந்தாலும் ஒரு எளிய சோதனை இருக்கிறது: டீமாடுலேட்டருக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் 10 டெசிபெல் குறையுங்கள். டோனும் ஹார்மோனிக்கும் சேர்ந்து 10 இறங்கினால் சிதைவு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. இரண்டாம் ஹார்மோனிக் 20-உம் மூன்றாவது 30-உம் இறங்கினால் அதைச் செய்தது உங்கள் சவுண்ட் கார்டு.

சோதனைக்கு எந்த டோனை எடுப்பது? மின்வாரிய அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 100.0-ஐ எடுக்காதீர்கள். ரெக்டிஃபையர் ரிப்பிளும் அதே 100-தான்; எது டோன், எது ஹம் என்று கடவுளுக்கும் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 179.9 அதேபோல் ஆபத்து. 180-க்கும் அதற்கும் 0.1 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். நான் 67.0, 107.2, 203.5 என்று மூன்றை எடுப்பேன்: ஒன்று கீழ்க்கோடி, ஒன்று நடு, ஒன்று மேல்பக்கம். டோனை அணைத்துவிட்டு ஒருமுறை பதிவு செய்யுங்கள். அப்போதும் மறையாத கோடுகள் ஹம், சின்தசைசர் இரைச்சல், பவர் சப்ளை விசிறி என்று வேறு ஏதாவது.

இனி கணக்கு. 107.2 ஹெர்ட்ஸ் டோனில் எனக்குக் கிடைத்தது இது என்று கொள்வோம்: 214.4-இல் 40 டெசிபெல் கீழே, 321.6-இல் 32 கீழே, 428.8-இல் 50 கீழே, 536.0-இல் 44 கீழே. சதவீதமாக மாற்றினால் 1.0, 2.5, 0.3, 0.6. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.8 சதவீதம். இதுதான் டிஎச்டி.

இங்கே நிறுத்தாதீர்கள், ருசியான பகுதி இனிமேல்தான். காதுக்கு என்ன போகிறது? 300-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் கூட்டினால் 2.6 சதவீதம், கிட்டத்தட்ட அனைத்தும் 321.6-இல் உள்ள கோடுதான். டோனின் டீவியேஷன் 750 என்றால் அந்தக் கோட்டின் டீவியேஷன் சுமார் 19 ஹெர்ட்ஸ். 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் வரும் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 44 டெசிபெல் கீழே. அவ்வளவு கீழே என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ரிசீவரின் டீ-எம்ஃபசிஸ் தாழ்ந்த அதிர்வெண்ணை ஆக்டேவுக்கு 6 டெசிபெல் தூக்கிக் கொடுக்கும், 1000-இலிருந்து 321.6-க்கு வரும்போது 10 டெசிபெல் கிடைத்துவிடுகிறது. மிச்சம் 34 டெசிபெல். பேச்சுக்கு நடுவே மூச்சுவிடும் இடைவெளியில் இது நன்றாகவே கேட்கும்.

என் சொந்த அளவுகோல் இது, தரநிலை அல்ல: மொத்தம் 5 சதவீதத்தைத் தாண்டினால் ரேடியோவைத் திறப்பேன், 300-க்கு மேல் விழும் பகுதி 1.5 சதவீதத்துக்குள் இருந்தால் மூடிவிடுவேன். நடுவில் இருப்பதை ஹெட்ஃபோன் தீர்மானிக்கும்.

படி 7: மூன்று இடங்களில் அளங்கள்

ஆர்எஃப் வழியாக அளந்தது கடைசிப் பலன் மட்டுமே. அதே டோனை, அதை உண்டாக்கும் எங்கோடர் ஐசியின் வெளியிலும், மாடுலேட்டருக்குள் நுழையும் புள்ளியிலும் அளந்து பாருங்கள். உயர் மின்தடை உள்ள புரோப் வேண்டும். சவுண்ட் கார்டை நேரடியாக வைத்தால் சுமை ஏறி டோன் குறையும். மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதினால் குற்றவாளி தெரிந்துவிடும்.

எங்கோடரில் 0.8, மாடுலேட்டர் நுழைவில் 0.9, ஆர்எஃப்பில் 4 என்று வந்தால் மாடுலேட்டர் அல்லது சின்தசைசர் பக்கம் பாருங்கள். சின்தசைசரில் அதிர்வெண்ணைப் பூட்டி வைக்கும் பிஎல்எல் லூப் தன் அகலத்துக்குள் வரும் எந்த மாற்றத்தையும் பிழை என்று நினைத்துத் திருத்த முயலும். விசிஓவில் (வோல்டேஜால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்) மட்டும் டோனைச் செலுத்தினால் தாழ்ந்த அதிர்வெண்ணைத்தான் லூப் அதிகம் அழிக்கும். 100 ஹெர்ட்ஸில் மூலை உள்ள எளிய ஹைபாஸ் என்று வைத்துக் கணக்கிட்டாலும், 67 ஹெர்ட்ஸ் பாதியாகக் குறைய, அதன் மூன்றாம் ஹார்மோனிக் கிட்டத்தட்ட முழுதாகத் தப்பிவிடும். ஒப்பீட்டில் ஹார்மோனிக் 4 டெசிபெல் ஏறியிருக்கும், யாரும் எதையும் கோணலாக்காமலே. விசிஓவிலும் ரெஃபரன்ஸ் ஆசிலேட்டரிலும் ஒரே நேரத்தில் மாடுலேஷன் செய்யும் ரேடியோக்களில் இந்த இரண்டின் சமநிலையைச் சரிசெய்ய ஒரு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். 67.0-இல் மோசம், 203.5-இல் நலம் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்.

பழைய ஃபேஸ் மாடுலேட்டர் ரேடியோக்கள் இன்னொரு ரகம். 67 ஹெர்ட்ஸில் 750 ஹெர்ட்ஸ் டீவியேஷன் வேண்டுமென்றால் ஃபேஸ் 11.2 ரேடியன் அசைய வேண்டும். 12 மடங்கு பெருக்கம் உள்ள ரேடியோவில்கூட மாடுலேட்டர் 0.9 ரேடியனுக்கு மேல் வளைய வேண்டும். நேர்கோட்டுப் பகுதி அங்கே முடிந்துவிட்டிருக்கும். போதாததற்கு, ஃபேஸில் 1 சதவீதமாக இருக்கும் மூன்றாம் ஹார்மோனிக் டீவியேஷனாக மாறும்போது 3 சதவீதம் ஆகிவிடும். இந்த ரேடியோக்களில் பழுது தேடுவதைவிட உயர்ந்த டோனுக்கு மாறுவதே புத்திசாலித்தனம். 203.5-இல் தேவை 3.7 ரேடியன்தான்.

படி 8: குரலோடு சேர்த்து

தனியாக இருக்கும்போது சாதுவான டோன் பேச்சு வந்ததும் குணம் மாறலாம். மைக் நுழைவில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, லிமிட்டர் (ஒலியின் உச்சம் எல்லை தாண்டாமல் தடுப்பது) வேலைசெய்யும் அளவுக்கு ஏற்றுங்கள். டோனின் கோடு உயரம் மாறாமல் நின்றால் சரி. அது சரிந்தாலோ, 1000-க்கு இருபுறமும் 892.8, 1107.2 ஹெர்ட்ஸில் புதிய கோடுகள் முளைத்தாலோ, டோனும் குரலும் எங்கோ ஒரே வளைவில் மோதுகின்றன. டோன் லிமிட்டருக்குப் பின்னால்தான் சேர வேண்டும். வெளியிலிருந்து எங்கோடர் போர்டு பொருத்தப்பட்ட ரேடியோக்களில், வசதியாகக் கிடைத்த மைக் லைனிலேயே யாராவது டோனைச் சாலிடர் செய்திருப்பார்கள். நான் திறந்து பார்த்த ஒன்றில் டோன் மைக் ஆம்ப்ளிஃபையர், லிமிட்டர், ஃபில்டர் என்று எல்லா வீட்டுக்கும் விருந்துக்குப் போய்விட்டுத்தான் மாடுலேட்டருக்கு வந்தது.

மற்ற டோன்கள்

டிடிஎம்எஃப் ஜோடியில் ஹார்மோனிக்கைவிட இடைக்கலப்பு (இரண்டு டோன்கள் கலந்து பிறக்கும் புதிய அதிர்வெண்கள்) முக்கியம். 697-உம் 1209-உம் சேரும்போது 512, 1906, 185, 1721 ஹெர்ட்ஸ்களில் தேடுங்கள். ஐடியூ-டி கியூ.23 பரிந்துரை தேவையற்றவற்றின் மொத்தத்தை, அடிப்படை டோன்களைவிட 20 டெசிபெல் கீழே வைக்கச் சொல்கிறது, அதிர்வெண் 1.8 சதவீதத்துக்குள். இந்த டோன்கள் ப்ரீ-எம்ஃபசிஸ் (டிரான்ஸ்மிட்டர் உயர்ந்த அதிர்வெண்களை ஏற்றுவது) வழியாகப் போயிருந்தால் அளக்கும்போது டீ-எம்ஃபசிஸைப் போடுங்கள். இல்லாவிட்டால் 1209 ஹெர்ட்ஸ் 4.8 டெசிபெல் கூடுதலாகத் தெரிந்து, இல்லாத ஏற்றத்தாழ்வைத் துரத்துவீர்கள்.

ஐந்து குறுகிய டோன்களை அடுத்தடுத்து அனுப்பி அழைக்கும் ஐந்து டோன் முறைகளில் நேரம்தான் எதிரி. இசட்விஇஐ என்ற முறையில் டோன் ஒன்று 70 மில்லிவினாடிதான் இருக்கும். அதற்குள் கிடைக்கும் நுணுக்கம் சுமார் 14 ஹெர்ட்ஸ். இஇஏ என்ற இன்னொரு முறையின் 40 மில்லிவினாடியில் 25 ஹெர்ட்ஸ். நீண்ட எஃப்எஃப்டி போட்டால் பக்கத்து டோன்களும் உள்ளே வந்துவிடும். பதிவு செய்துகொண்டு ஒவ்வொரு டோனின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். ரேடியோவின் சர்வீஸ் மோடில் ஒரே டோனைத் தொடர்ந்து அனுப்பும் வசதி இருந்தால் இந்தப் பாடு வேண்டாம்.

சிடிசிஎஸ்எஸ் வேலையை டிஜிட்டல் குறியீட்டால் செய்யும் டிசிஎஸ் டோனே அல்ல, விநாடிக்கு 134.4 பிட் வேகத்தில் போகும் சதுர அலை. அதற்கு டிஎச்டி அளப்பது அர்த்தமற்றது. அலையின் மேல்தட்டு சாய்கிறதா என்று ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். சாய்ந்தால் எங்கோ ஒரு கப்ளிங் கண்டென்சர் சிறியதாக இருக்கிறது. ஏசி கப்ளிங் உள்ள சவுண்ட் கார்டே அந்தச் சாய்வைச் செய்யலாம் என்பதால் டிசி கப்ளிங் ஸ்கோப் கட்டாயம்.

பதிவு செய்யும்போது

டிரான்ஸ்மிட் பட்டனை விடும் நொடியில் சிடிசிஎஸ்எஸ் டோன் ஃபேஸைத் திருப்பிப் போடும், சில ரேடியோக்களில் 180 டிகிரி, சிலவற்றில் 120. எதிர்முனையில் ஸ்குவல்ச் (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைக்கும் சுற்று) சத்தமில்லாமல் மூடுவதற்கான ஏற்பாடு அது. எஃப்எஃப்டிக்குள் அந்தத் துண்டு வந்துவிட்டால் டோனின் கோடு பிளந்து, பக்கங்களில் ஒரு பாவாடை விரியும். பார்த்தவுடன் ஆசிலேட்டர் தடுமாறுகிறது என்று தோன்றும். முதல் ஒரு வினாடியையும் கடைசி ஒரு வினாடியையும் வெட்டிவிட்டுப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

ஒவ்வொரு அளவீட்டோடும் டோன், டீவியேஷன், அளந்த புள்ளி, டீ-எம்ஃபசிஸ் நிலை, விண்டோ, இன்புட் அளவு, பேட்டரி வோல்டேஜ் எல்லாம் எழுதுங்கள். ஆரம்ப நாட்களில் நான் பேட்டரி வோல்டேஜை எழுதியதில்லை. முழு சார்ஜில் 1 சதவீதம் காட்டிய ஒரு வாக்கி-டாக்கி, எச்சரிக்கை விளக்கு எரியும் நிலையில் 7 சதவீதம் காட்டியது. ரெகுலேட்டர் கைவிட்டதும் டோன் ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம் கிளிப் ஆகிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு ரேடியோவையும் முழு பேட்டரியில் ஒருமுறை, வற்றும் தறுவாயில் ஒருமுறை என்று இரண்டு தடவை அளக்கிறேன்.